மெஷின் சொன்ன எண்ணும் உள்ளே இருந்த சரக்கும்

எங்கள் வீட்டில் நகைப் பட்டறை. போன வருஷம் ஒருவர் பழைய கெட்டிக் காப்பு ஒன்றைக் கொண்டுவந்தார், கையில் டெஸ்டிங் சென்டர் சீட்டு, எக்ஸ்ஆர்எஃப்-இல் (எக்ஸ்-கதிர் அடித்து எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லும் மெஷின்) தங்கம் 91.7 சதவீதம். அப்பா உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார், "கனம் பத்தலையே" என்றார், அவ்வளவுதான். ஓரத்தில் அரம் போட்டு ராவி, அதே மெஷினில் அதே இடத்தைக் காட்டினோம். 74.6! அது தங்கத்தில் மேலே ஒரு பத்து மைக்ரான் சொச்சம்தான் பார்க்கும், முலாம் கனமாக இருந்தால் முலாமைப் படித்துவிட்டு நிம்மதியாகச் சீட்டு கொடுத்துவிடும். அப்புறம் அவர் சம்மதத்தோடு துண்டு வெட்டி ஃபயர் அஸே, அதாவது உலையில் உருக்கித் தங்கத்தைப் பிரித்து நிறுக்கும் சோதனை. கால் கிராம் துண்டு, வெள்ளி சேர்த்து ஈயத் தகட்டில் சுருட்டி 1,050 டிகிரி உலையில் வைத்தால் செம்பையும் இழுத்துக்கொண்டு ஈயம் கிண்ணத்துக்குள் ஊறிப் போய்விடும், மிஞ்சும் மணியைத் தட்டி நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளியும் போய்விடும், மீதியை நிறுத்தால் தங்கம். 75.1 வந்தது, பதினெட்டு காரட். பாதி நாள் போயிற்று, துண்டும் போயிற்று, ஆனால் சண்டை வரவில்லை.

—

நகைப் பட்டறைக்காரருக்கு நடந்ததற்கு எனக்கு நேர் எதிர், எக்ஸ்ஆர்எஃப்தான் காப்பாற்றியது. எம்.எஸ்சி. ப்ராஜெக்ட், நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி குரோமைட் (குரோமியத் தாது) பாறை. பொடித்து ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்து ஐசிபி-க்கு (கரைசலில் உள்ள தனிமங்களை அளக்கும் கருவி) கொடுத்தேன், எக்ஸ்ஆர்எஃப் காட்டிய குரோமியத்தில் கால்வாசி கூட வரவில்லை. இரண்டு நாள் ஐசிபி-யைத் திட்டித் தீர்த்த பிறகுதான் டியூபின் அடியைப் பார்த்தேன், ஒரு சிட்டிகை கருமணல். குரோமைட் கரையவே இல்லை, கரைசலில் இல்லாததை ஐசிபி எங்கே போய் அளக்கும்? சோடியம் பெராக்ஸைடு சேர்த்து உருக்கிக் கரைத்ததும் இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன.

—

நான் திருச்சி பக்கம் ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் க்யூசி, தரம் பார்க்கும் வேலை. கேட்டது 304எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கி (கையில் பிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப்) குரோமியம், நிக்கல் எல்லாம் சரி என்றது. ஆனால் எல் என்றால் குறைந்த கார்பன் ரகம், அதற்கு கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, துப்பாக்கிக்கோ கார்பன் கண்ணிலேயே படாது, கார்பனிலிருந்து வரும் எக்ஸ்-கதிர் காற்றிலேயே அடங்கிவிடும். நான்கு தகடு வெல்டிங் முடிந்த பிறகு ஸ்பார்க் மெஷினில் (தகட்டில் தீப்பொறி பாய்ச்சி, வரும் ஒளியை வைத்துத் தனிமங்களை அளப்பது) கார்பன் 0.06. யார் தலையில் விடிந்தது என்று கேட்காதீர்கள். இப்போது தகடு வந்திறங்கியதும் கிரைண்டிங் போட்டு, ஸ்பார்க் மெஷின் சுட்ட மூன்று கருகல் வட்டம் பார்த்தால்தான் கையெழுத்து.