காபி களத்து சென்சாருக்கு ப்ளூடூத்தா, வைஃபையா, என்எஃப்சியா? ஐபோன்ல மாட்டிக்கிட்டேன்

நாகலூர்_பனி:
வணக்கங்க. ஏற்காட்டுல ஒரு எஸ்டேட்டுக்கு ஆப் பண்றேன், காபி காயப்போடற களத்துல ஆறு எடத்துல வெப்பம், ஈரப்பதம் பாக்குற சென்சார், பக்கத்துல போனா போன்ல தெரியணும், அவ்ளோதான். டவர நம்ப முடியாது. ஆர்டுயினோ போர்டோட ஹெச்சி-05ன்ற ப்ளூடூத் மாட்யூல கோர்த்தேன், என் ஆண்ட்ராய்டுல ஜம்முனு ஓடுச்சு, எஸ்டேட் கணக்கு எழுதற ரைட்டர் போன்லயும் ஓடுச்சு, முதலாளி ஐபோன எடுத்துட்டு வந்தாரு, லிஸ்ட்லயே காணோம். மூணு வார வேலைங்க. ரவுட்டர் இல்லாம நேரா பேசுற வைஃபை டைரக்ட்டுக்கு மாறலாமா, இல்ல என்எஃப்சியா?

பழைய_கோடர்:
எல்லாரும் ஒருதடவ விழுற குழிதான் தம்பி. ஹெச்சி-05 பழைய கிளாசிக் ப்ளூடூத், சீரியல் ப்ரொஃபைல், கருவி செய்றவங்களுக்கு ஆப்பிள் குடுக்குற எம்எஃப்ஐ அனுமதி இல்லாம ஐபோன் ஆப் அதுகூட பேசாது. வைஃபை டைரக்ட்டும் ஐபோன்ல கெடையாது, அத விடு. உனக்கு பிஎல்இ, அதாவது கம்மி கரண்ட்ல ஓடுற ப்ளூடூத் லோ எனர்ஜி போதும், 2010ல ப்ளூடூத் 4.0ல வந்தது. இன்னொன்னு, கனெக்ட்டே பண்ணாத. கனெக்ட் ஆகாமலே சென்சார் சுத்தி அனுப்புற அட்வர்டைசிங் பாக்கெட்ல 31 பைட் இருக்கு, வெப்பத்துக்கு ரெண்டு, ஈரப்பதத்துக்கு ரெண்டு, பேட்டரிக்கு ஒண்ணு, மிச்சமே இருக்கும், சென்சார் கத்திக்கிட்டே இருக்கட்டும் எத்தன போன் வேணா கேட்டுக்கட்டும், பேரிங் தொல்லையே இல்ல. ஆனா ஐபோன், கருவியோட அடையாள நம்பரான மேக் அட்ரஸ ஆப்புக்கு காட்டாது, அதனால சென்சார் நம்பரையும் பாக்கெட்டுக்குள்ளயே போட்ரு, இது தெரியாம நான் ரெண்டு ராத்திரி தூங்கல. ஆண்ட்ராய்டு 12லேர்ந்து ஸ்கேனுக்கு தனி பெர்மிஷன், அதுக்கு முன்னாடி லொக்கேஷன் கேக்கும். சின்ன வட்டமான காயின் செல் பேட்டரில ஓட்டணும்னா கரண்ட் நெறைய இழுக்குற இஎஸ்பி32 சிப்பு வேணாம், கம்மியா இழுக்குற என்ஆர்எஃப்52 சிப்பு பாரு.

கொலுசு_பட்டறை:
செவ்வாப்பேட்டைலேர்ந்து. என்எஃப்சி நாலு சென்டிமீட்டர் சமாச்சாரம்ங்க, கிட்ட கொண்டுபோய் ஒட்டவைக்கணும், களத்துல ஆறு எடத்துலயும் யாரு குனிவா? நாங்க கொலுசு வைக்கிற எவர்சில்வர் தட்டுல என்எஃப்சி ஸ்டிக்கர் ஒட்டி போன் ஒண்ணுமே படிக்கல, மெட்டலுக்குன்னு அடியில காந்தப்பொருளான ஃபெரைட் தகடு வச்சது தனியா விக்குது, அத வாங்குனப்புறம்தான் வேல செஞ்சுது. மூட்டைக்கு லாட் நம்பர் போட வேணா என்டேக்213ன்ற என்எஃப்சி ஸ்டிக்கர் நல்லாருக்கும், 144 பைட் கொள்ளும், பேட்டரியும் வேணாம்.

மலைக்காத்து:
பனிமூட்டம் எறங்குனா ப்ளூடூத் சிக்னல குடிச்சிரும், ஜிக்பீன்ற இன்னொரு வயர்லெஸ் போடுங்க.

பழைய_கோடர்:
@மலைக்காத்து ஜிக்பீயும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் சாமி, அத மட்டும் பனி குடிக்காதா? சாதாரண போன்ல ஜிக்பீ ரேடியோவே இல்ல, நடுவுல மாத்திக் குடுக்குற கேட்வே பொட்டி ஒண்ணு வைக்கணும். பனி இந்த தூரத்துக்கு ஒண்ணும் பண்ணாது, நனஞ்ச எலையும், ஈரமா அடுக்குன மூட்டையும், குறுக்க நிக்கிற ஆளும்தான் குடிக்கும். சென்சார தரைல வைக்காம இடுப்பு உசரத்துக்கு குச்சி நட்டு கட்டு.

நாகலூர்_பனி:
நன்றிங்கண்ணா, மேக் அட்ரஸ் விஷயம் சத்தியமா தெரியாது. என்ஆர்எஃப்52 போர்டு ரெண்டு ஆர்டர் போட்டாச்சு. ஹெச்சி-05 ஆறு சும்மா கெடக்கு, அஸ்தம்பட்டி பக்கம் யாருக்காச்சும் வேணும்னா பாதி வெலைக்கு தரேன், ஐபோன்காரங்க கேக்காதீங்க.