தோட்ட வேலைக்காட்டில் சர்க்கரை நோய்: வழி சொல்லுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களை மேற்பார்ப்பவராக) இருக்கிறேன். என் குழுவில் உதிரி (உதிர்ந்த செம்பனைப் பழம்) பொறுக்கும் அக்கா ஒருவர், பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) நேரமாகிவிட்டதென்று இன்சுலின் மட்டும் போட்டுக்கொண்டு பசியாறாமல் வந்துவிடுகிறார். சற்று நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, மர நிரையிலேயே உட்கார்ந்துவிடுகிறார். மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் உட்கார வைத்தால் தெளிகிறார். அதோடு விட முடியாது, பிறகு சாப்பிடவும் வேண்டும். எடைக்கணக்கில் சம்பளம் என்பதால் நிற்கவே அஞ்சுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

சம்பளம் குறையாமல் சாப்பாட்டு நேரம் கொடுக்க உங்கள் தோட்டங்களில் நிர்வாகத்தை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? திறந்த இன்சுலின் ஊசிப் பேனா 30 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது; மோட்டார்சைக்கிள் பெட்டியோ கொதிக்கிறது. வேலைக்காட்டில் எதில் வைக்கிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.