கடைசிக் குளிசை எத்தனை மணிக்கு?

வணக்கம். நச்சியல் டொக்டர் என்று சொன்னால் பாம்புக்கடியா, பூச்சிமருந்தா என்றுதான் அடுத்த கேள்வி வரும். அதுவும் உண்டு. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் 1988 முதல் நச்சுத் தகவல் நிலையம் இயங்குகிறது. பூச்சிமருந்து எத்தனை வீடுகளை அழித்தது என்று எங்கள் தலைமுறைக்குத் தெரியும். ஆனால் என் அன்றாட வேலை வேறு. டொக்டர் எழுதிக்கொடுத்த மருந்தே அளவு கூடினால் நஞ்சாகும், குறைந்தால் வேலை செய்யாது. ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, வரும் எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்வதுதான் நான் செய்வது. மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம், வலிப்புக்குப் பெனிற்றொயின், இதயத்துக்கு டிகொக்சின், கிருமித் தொற்றுக்கு நாளத்தில் ஏற்றும் வன்கோமைசின், சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு டக்ரோலிமஸ். இவற்றோடு பழகியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

பயிற்சிக் காலம். ஒரு பின்னேரம் லித்தியம் 2.9 என்று ரிப்போட் வந்தது. பொதுவாக 0.4க்கும் 1.0க்கும் இடையில் இருக்க வேண்டியது. 2.9 என்றால் கை நடுங்கும், நடை தள்ளாடும், பேச்சு குளறும். வார்டில் கட்டில் தயார், டயலிசிஸ் பகுதிக்கும் சொல்லியாயிற்று. எனக்கு மனம் கேட்கவில்லை, படியிறங்கிப் போனேன். அந்த அம்மா வாங்கில் இருந்து மாலுபாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உதிரும் துண்டு சேலையில் விழாமல் கடதாசியை நாலாக மடித்து மடியில் விரித்திருந்தார். கையை நீட்டச் சொன்னேன். விரல் நுனிகூட ஆடவில்லை.

"அம்மா, கடைசிக் குளிசை எத்தனை மணிக்குப் போட்டனீங்கள்?"

"ராத்திரி ஒன்பதுக்கு, மகள்."

ரத்தம் எடுத்தது காலை ஒன்பதுக்கு. லித்தியத்துக்குப் பன்னிரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும், அது சரியாகவே இருந்தது. ஆய்வுகூடத்துக்கு ஓடிப்போய் அந்தக் குழாயைத் தேடி எடுத்தேன். பச்சை மூடி. ரத்தம் உறையாமல் இருக்க அதற்குள் பூசியிருப்பது லித்தியம் ஹெப்பரின். குழாயில் இருந்த லித்தியத்தையும் சேர்த்து அளந்திருக்கிறோம். உடனே லித்தியம் பூசாத சிவப்பு மூடிக் குழாயில் எடுத்தபோது 0.5. மறுநாள் காலை, சரியான நேரத்தில், 0.7. நான் போய்ப் பார்க்காமல் விட்டிருந்தால் அந்த அம்மாவின் கழுத்தில் டயலிசிஸ் குழாய் ஏறியிருக்கும். இன்றும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

மற்றது ஹற்றன் பக்கத்துப் பையன், புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. வலிப்புக்குப் பெனிற்றொயின். இரவில் மூன்று குளிசை, 300 மில்லிகிராம். ரத்தத்தில் 4தான் இருந்தது, 10 முதல் 20 வரை இருக்க வேண்டும். கிளினிக்கில் 400 ஆக்கினார்கள். அடுத்த மாதம் 31. கண் தானாக ஆடுகிறது, நடந்தால் சுவரைப் பிடிக்கிறான். குடித்துவிட்டு வருகிறான் என்று கடையில் நிறுத்திவிட்டார்களாம். அவன் வாழ்க்கையில் குடித்ததே இல்லை.

100 கூட்டியதற்கு இப்படி ஏறுமா என்று கேட்கலாம். பெனிற்றொயினில் ஏறும். கோட்டை ஸ்டேஷனில் இரண்டு யன்னலில்தான் டிக்கெட் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். ஓர் அளவு வரை கூட்டம் கரையும். அதற்கு மேல் பத்துப் பேர் வந்தாலும் வரிசை வாசல் வரை போய்விடும். ஈரல் இந்த மருந்தை வெளியேற்றுவதும் அப்படித்தான். ஆனால் இவன் கதையில் இன்னொன்றும் இருந்தது. பழைய மருந்து உறையை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் சிங்களத்தில். பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. "மூணா டொக்டர்? ஒன்னுன்னுல்ல நெனச்சேன்." ஆக, முதலில் போட்டது 100தான். புது உறையில் யாரோ நாலு கோடு போட்டுக் கொடுத்ததால் ஒரேயடியாக 400. உடம்போ ஐம்பது கிலோகூட இல்லை. எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டுவதற்கு முன் எத்தனை போடுகிறாய் என்று ஒரு வாய் கேட்டிருந்தால் அவன் வேலை போயிருக்காது. அன்றிலிருந்து தமிழ் நோயாளி என்றால் உறையில் நானே தமிழில் எழுதிக் கொடுக்கிறேன்.

*

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மகள்:

அப்பாவுக்குச் சிறுநீரகம் மாற்றி மூன்று வருடம். டக்ரோலிமஸ் எப்போதும் 6, 7 என்று இருக்கும். போன வருடம் திடீரென 17. தேத்தண்ணிக் கோப்பை தட்டில் கடகடவென்று அடிக்கிற அளவுக்குக் கை நடுக்கம். குளிசை கூடிப்போச்சோ, வேறு மருந்து போட்டாரோ என்று டொக்டர் துருவித் துருவிக் கேட்டா. ஒன்றுமில்லை. கடைசியில், "இந்தக் கிழமை புதிதாக என்ன சாப்பிட்டீர்கள்?" என்றா. சித்தி அனுப்பிய ஜம்போலாப் பழம்! நான்தான் தோலுரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தேன். நல்லது என்று நினைத்து. பழத்தை நிறுத்தி ஒன்றரைக் கிழமையில் 8க்கு வந்தது. தோடம்பழமும் கூடாதா?

*

ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், பொரளை:

டொக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சிட்டையில் "கடைசி டோஸ் நேரம்" என்ற கட்டம் பாதிக்குப் பாதி வெறுமையாக வருகிறது. வார்டுக்குப் போன் எடுத்துக் கேட்டால் "காலையில்" என்பார்கள். எத்தனை மணி, மிஸ்? வன்கோமைசின் ஏறுகிற அதே லைனில் ரத்தம் எடுத்து அனுப்பியதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அரை நாள் போனது.

*

மறுபடி நான்:

தங்கச்சி, ஜம்போலாவும் கிரேப்ஃப்ரூட்டும் ஒரே குடும்பம். குடலில் டக்ரோலிமஸை உடைக்கிற நொதியை அவை அடக்கிவிடும், அதனால் அதே குளிசை கூடுதலாக ரத்தத்தில் ஏறும். சாதாரண இனிப்புத் தோடம்பழத்தில் அந்தத் தொல்லை இல்லை, சாப்பிடட்டும். நாரத்தை மாதிரிப் புளிப்புச் சாதி என்றால் கிளினிக்கில் கேட்டுக் கொடுங்கள். நீங்கள் அன்போடு கொடுத்தது, அதை நினைத்து மனம் வருந்தாதீர்கள். அடுத்த ரத்தம் என்றைக்கு? அன்று காலைக் குளிசையைப் போடாமல் கையில் கொண்டு வரச் சொல்லுங்கள். ரத்தம் கொடுத்த கையோடு அங்கேயே போடலாம். முதல் நாள் இரவு எத்தனை மணிக்குப் போட்டார் என்று கிளினிக் கொப்பியில் நீங்களே எழுதிவிடுங்கள்.