டயர் மாத்தின பிறகு பின் ஆக்ஸில் நட்டை எவ்வளவு இறுக்கணும்?

வத்தலக்குண்டுக்காரன்:
வண்டி 2014 ஸ்ப்ளெண்டர். பின் டயர்ல நூல் தெரிய ஆரம்பிச்சதால போன சனிக்கிழமை ஒரு பஞ்சர் கடையில புதுசு போட்டேன். மறுநாள் திண்டுக்கல் போயிட்டுத் திரும்புறப்போ, செம்பட்டி தாண்டி ஒரு வளைவுல பின்னாடி யாரோ உட்கார்ந்து இடுப்பை ஆட்டுற மாதிரி இருந்துச்சு. ஓரங்கட்டிச் சக்கரத்தைப் பிடிச்சு அசைச்சா கொடகொடன்னு ஆடுது. சக்கரத்து நடுக் கம்பியான ஆக்ஸிலோட நட்டைக் கையாலயே திருப்ப முடிஞ்சது! டூல் கிட் ஸ்பேனர்ல இறுக்கிக்கிட்டு, முப்பதுலயே உருட்டி வீடு வந்து சேர்ந்தேன்.

கடைக்காரர்கிட்ட கேட்டா, "ரொம்ப இறுக்கினா சக்கரம் உருளாது தம்பி, கொஞ்சம் விட்டுத்தான் இறுக்கணும்"ங்கிறார். அவர் சொல்றதும் பொய் இல்ல. நடு ஸ்டாண்ட் போட்டு நான் நல்லா இறுக்கினா சக்கரம் கையால சுத்தவே கனமா இருக்கு. நட்டை அரைச் சுத்து விட்டா லேசா ஓடுது. எது சரி? எவ்வளவு விசையில இறுக்குறோம்னு காட்டுற டார்க் ரெஞ்ச் என்கிட்ட இல்ல.

ஹைவே குமாரு:
ஸ்பேனர்ல ஒரு ஜிஐ பைப்பைச் சொருகி மேல ஏறி நில்லுங்க ப்ரோ. ஜென்மத்துக்கும் கழலாது.

பழைய ஸ்பேனர்:
குமாரு தம்பி சொன்னதை மட்டும் செஞ்சிடாதீங்க. 60 கிலோ ஆள் ஒரு அடி நீளத்துல ஏறி நின்னா 18 கிலோகிராம் மீட்டர் முறுக்கு விசை. அந்த நட்டுக்கு அது எமன். மரை போயிடும், இல்லைன்னா அடுத்த பஞ்சருக்கு நடு ரோட்டுல கழட்ட முடியாம நிப்பீங்க.

நான் 1988ல சைக்கிள் கடையில கை பழகி அப்புறம் பைக் வேலைக்கு வந்தவன். உங்க கடைக்காரர் சொல்ற 'கொஞ்சம் விட்டு இறுக்கு' எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். சைக்கிள் சக்கரத்து நடுவுல, அதான் ஹப்புல, கோன்னு ஒரு கூம்பு நட்டு இருக்கும், அதை இறுக்கினா பால்ஸ் நசுங்கும், அதனால பார்த்துப் பார்த்து விடணும். பைக் ஹப் வேற. ரெண்டு பேரிங்குக்கு நடுவுல உள்ளே ஒரு குழாய் இருக்கு. நட்டை இறுக்கும்போது பேரிங்கோட உள் வளையம், அந்தக் குழாய், வெளி புஷ், பின் சக்கரத்தைத் தாங்குற ஸ்விங் ஆர்ம் எல்லாம் ஒண்ணா நெருக்கிப் பிடிச்சுக்கும். பால்ஸ் மேல அழுத்தமே வராது. அதனால சரியான அளவுக்கு இறுக்கினா சக்கரம் சுத்தியே ஆகணும். சுத்தலைன்னா கோளாறு நட்டுல இல்ல, வேற எங்கயோ. அதை மறைக்க நட்டை லூஸ் விட்டா செம்பட்டிக் கதைதான்.

உங்க வண்டிக்கு என் சந்தேகம் பிரேக் ஷூ ரெண்டையும் தாங்குற பிரேக் பிளேட் மேல. நட்டு லூஸா இருக்கும்போது பிளேட் கொஞ்சம் அசையும், ஷூ தானா விலகிக்கும். கோணலா உட்கார்ந்த நேரத்துல இறுக்கினா அப்படியே நின்னு ஷூ, சக்கரத்தோட சுத்துற ட்ரம்மை உரசும். வழி இதுதான்: நட்டைக் கைக்கு இறுக்கமா விட்டுட்டு, சக்கரத்தைச் சுத்தி விட்டு, பிரேக் பெடலை நல்லா மிதிச்சுப் பிடிக்கச் சொல்லுங்க. வீட்டுல ஒரு ஆள் போதும். மிதிச்சபடியே இருக்கட்டும், நீங்க நட்டை இறுக்குங்க. ஷூ ரெண்டும் ட்ரம்மைக் கவ்வுறதால பிளேட் தானா நடுவுக்கு வந்துடும்.

அப்படியும் கனமா இருந்தா செயின் பாருங்க. செயின் பெட்டியில அடியில ரப்பர் மூடி இருக்கே, அதைக் கழட்டி விரல் விட்டு மேல கீழ ஆட்டினா சுமார் ஒரு இஞ்ச் ஆடணும். ரெண்டு மூணு இடத்துல பாருங்க, செயின் ஒரே மாதிரி தேயாது. செயின் இறுக்கத்தை மாத்தணும்னா ஆக்ஸில் நட்டோட, செயின் பக்கம் பல்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஸ்லீவ் நட்டையும் லூஸ் பண்ணித்தான் சக்கரத்தை நகர்த்தணும், முடிச்சதும் ரெண்டையும் இறுக்கணும். ரெண்டாவதை மறந்த வண்டிகள் எங்கிட்ட நிறைய வந்திருக்கு. ஸ்விங் ஆர்ம்ல ரெண்டு பக்கமும் இருக்கிற அளவுக் கோடு ஒரே எண்ணிக்கையில நிக்கட்டும்.

டார்க் ரெஞ்ச் இல்லைன்னா காயலான் கடைக்காரர் பேப்பர் நிறுக்கிற ஸ்பிரிங் தராசு போதும். கையேட்டுல உங்க நட்டுக்கு எத்தனை போட்டிருக்குன்னு பாருங்க. 6 கிலோகிராம் மீட்டர்னு வச்சுக்குவோம். 30 சென்டிமீட்டர் ஸ்பேனர் நுனியில தராசு கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்கு நேர் குறுக்கா 20 கிலோ காட்டுற வரைக்கும் இழுத்தா அதே 6. நியூட்டன் மீட்டர்ல போட்டிருந்தா 9.8ஆல வகுத்துக்கோங்க. மறுபக்கம் ஆக்ஸில் தலையை இன்னொரு ஸ்பேனர்ல பிடிச்சுக்கணும், நட்டு மட்டும்தான் சுத்தணும். ஆக்ஸில் கம்பிக்கு லேசா கிரீஸ் தடவலாம், மரையில வேண்டாம். வழவழப்பா இருந்தா அதே இழுப்புக்கு நட்டு அளவுக்கு மேல ஏறிடும்.

இறுக்கினதும் நட்டுலேர்ந்து ஸ்விங் ஆர்ம் வரைக்கும் நெயில் பாலிஷ்ல ஒரு கோடு போடுங்க. அசைஞ்சா காட்டிக்கொடுத்துடும். சக்கரம் கழட்டி மாட்டின வண்டியை 50, 100 கிலோமீட்டர்ல ஒருதடவை திரும்பப் பாக்காம நான் விட்டதே இல்ல.

மதுரை மல்லி:
அண்ணே, என் வண்டி முன்னாடி டிஸ்க். அதுக்கும் இதேவா?

பழைய ஸ்பேனர்:
கொஞ்சம் மாறும்மா. முன் சக்கரத்தைத் தாங்குற போர்க் அடியில ஆக்ஸிலைக் கவ்வுற சின்ன போல்ட் இருந்தா அதைக் கடைசியில இறுக்கணும். முதல்ல ஆக்ஸிலை இறுக்கி, ஸ்டாண்டை எடுத்து, முன் பிரேக்கைப் பிடிச்சு ஹேண்டிலை நாலு தடவை அமுக்கி விடுங்க. போர்க் ரெண்டு காலும் இயல்பா உட்கார்ந்ததுக்கப்புறம் அந்தச் சின்ன போல்ட். அப்புறம் பிரேக் லிவரை அடிச்சுப் பாத்துட்டு ஓட்டுங்க. டிஸ்க் பேட் விலகியிருந்தா முதல் அழுத்தலுக்குப் பிடிக்காது.

வத்தலக்குண்டுக்காரன்:
அண்ணே, நேத்து சாயங்காலம் பண்ணிட்டேன். பெடலை மிதிச்சது எங்க அம்மா, ரெண்டு நிமிஷத்துக்குள்ள "போதுமாடா"ன்னு ஏழு தடவை. தராசு பக்கத்துத் தெரு பேப்பர் கடையில இரவல். நல்லா இறுக்கியும் சக்கரம் இப்ப ஒரு தள்ளுக்கு அஞ்சாறு சுத்து சுத்துது.

இன்னொண்ணு. குனிஞ்சு பாத்தப்போ பிரேக் பிளேட்டை ஸ்விங் ஆர்மோட பிடிச்சு வைக்கிற அந்தக் கம்பியோட நட்டுல, கழலாம இருக்கச் சொருகுற பின் (pin) இல்ல. நட்டும் பாதி வெளிய வந்திருந்துச்சு.

பழைய ஸ்பேனர்:
அந்த நட்டு விழுந்திருந்தா, பிரேக் மிதிச்ச நொடியில பிளேட் சக்கரத்தோடயே சுத்தி சக்கரம் பூட்டிக்கிட்டு இருக்கும். பழைய பின்னைத் தேடாதீங்க, புதுசு போடுங்க. விலை ரொம்பக் குறைவுதான்.