திருச்சபைகள் தொடங்கிய நகர்ப்புற மருத்துவமனைகள்: நிறுவிய கதைக்குப் பிறகு நடந்தது என்ன?

கேள்வி: வாசகர் வட்டம்

வணக்கம். எங்கள் நூலக வாசகர் வட்டத்தில், தமிழகத்து நகரங்களில் திருச்சபைகள் தொடங்கிய மருத்துவமனைகளைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். நான் தேடிப் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை நிறுவியவரின் தியாகத்தைச் சொல்லி, அடிக்கல் நாட்டிய ஆண்டைச் சொல்லி, நேராக இன்றைய படுக்கை எண்ணிக்கைக்கு வந்து முடிந்துவிடுகின்றன. எனக்கு வேண்டியது இடைப்பட்ட கதை.

குறிப்பாக, இவற்றில் பல ஏன் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனைகளாகவே தொடங்கின? வெளிநாட்டுப் பணம் குறைந்த பிறகு எப்படித் தாக்குப்பிடித்தன? இன்று கட்டணம் வாங்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்கும் மற்ற தனியார் மருத்துவமனைக்கும் வேறுபாடு ஏதேனும் உண்டா, அல்லது பெயர்ப் பலகையில் உள்ள சிலுவையோடு சரியா? விவரம் அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: பழைய ஏடு

பெண்களிடமிருந்து தொடங்கியதற்குக் காரணம் இரண்டு பக்கமும் இருந்தது. இந்தப் பக்கத்துக் காரணம் எல்லோரும் அறிந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆண் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதை ஏற்காத குடும்பங்கள், முஸ்லிம்களிடையே மட்டுமல்லாமல் பல இந்துச் சாதியினரிடையேயும் இருந்தன. பிரசவம் சிக்கலானால் ஊர் மருத்துவச்சியைத் தாண்டி வேறு வழி இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது உள்ளே நுழைந்தவர்களில் ஒருவரான மேரி ஷார்லிப், 1885-இல் கோஷாப் பெண்களுக்கென (அதாவது, திரைமறைவில் வாழ்ந்த பெண்களுக்கென) ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுதான். அது திருச்சபையின் நிறுவனமன்று. ஆனால் தேவை எவ்வளவு வெளிப்படையாக இருந்தது என்பதற்குச் சான்று.

அந்தப் பக்கத்துக் காரணத்தைக் கட்டுரைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அதே காலத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மருத்துவம் படித்து முடித்த பெண்களுக்கு, சொந்த நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. மிஷன் சங்கங்களின் மகளிர் பிரிவுகளோ அவர்களுக்கு வேலையையும், ஒரு மருத்துவமனையின் முழுப் பொறுப்பையும் சேர்த்தே கொடுத்தன. 1870-இல் வட இந்தியாவிலுள்ள பரேலிக்கு வந்த கிளாரா ஸ்வெய்ன், 1888-இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து மருத்துவர் மெடில்டா மெக்ஃபெயில் ஆகியோர் இந்த வழியில் வந்தவர்களே. வடசென்னையில் இன்றும் மக்கள் ‘ரெய்னி ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் ராயபுரம் மருத்துவமனை, மெக்ஃபெயில் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்தது.

வேலூரைப் பற்றிப் பேசுவீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு ஐடா ஸ்கடர் மருத்துவரானார் என்ற கதையை உங்கள் அவையில் பாதிப் பேர் அறிந்திருப்பார்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும். அவர் 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் தேறி, 1900-இல் வேலூருக்குத் திரும்பினார். 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-இல் திறக்கப்பட்டது. நீங்கள் நின்று பேசவேண்டிய இடம் அதற்குப் பிறகுதான் வருகிறது. தான் ஒருவராக எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்ற கணக்கைப் போட்டுப் பார்த்தவர்போல, அவர் 1909-இல் செவிலியர் பயிற்சியையும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். என் கருத்தில், முதல் கட்டடத்தைவிட இந்த இரண்டு முடிவுகளே பெரியவை. உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவிக்காமல் வெளிநாட்டு மருத்துவர் ஒருவரையே நம்பியிருந்த மிஷன் மருத்துவமனைகள், அவர் கப்பலேறியதும் தள்ளாடின.

கத்தோலிக்க மருத்துவமனைகளின் கதை வேறு. கன்னியாஸ்திரிகள் மகப்பேறு மருத்துவம் பார்ப்பதற்குத் திருச்சபைச் சட்டத்திலேயே தடை இருந்தது. 1936-இல்தான் ரோம் அதை நீக்கியது. அன்றைய சென்னை மாகாணத்திலிருந்த குண்டூருக்கு 1920-இல் வந்து கன்னியாஸ்திரியாகி, அதற்கு முன்பே சிறப்பு அனுமதி பெற்று மருத்துவம் பார்த்த ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி ஓர் அரிய விதிவிலக்கு. இன்று இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளை இணைக்கும் சங்கத்துக்கு 1943-இல் வித்திட்டவரும் அவரே.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சமயப் பிரசாரம் அன்றைய மிஷன் மருத்துவப் பணியின் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்று. வெளிநோயாளிகள் காத்திருக்கும் திண்ணையில் மிஷன் பணியில் அமர்த்தப்பட்ட ‘வேதாகமப் பெண்கள்’ அமர்ந்து பைபிளை வாசித்துக் காட்டுவது வழக்கம். மருந்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டுவிட்டு, மருந்தை வாங்கிக்கொண்டு, தம் சமயத்தோடே வீடு திரும்பினார்கள். தியாகக் கதையை மட்டும் சொன்னாலும், மதமாற்றக் கதையை மட்டும் சொன்னாலும் அந்தத் திண்ணையில் நடந்தது முழுமையாக விளங்காது.

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர்

மேலே எழுதியவர் வரலாற்றை நன்றாகச் சொல்லிவிட்டார். நான் சேவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் ‘சமுதாய மருத்துவமனை’ என்று பெயர் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே ஓர் அடிகூட எடுத்துவைக்காத இடங்களும் இருக்கின்றன.

நகர்ப்புறத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு, ஐடா ஸ்கடரின் பணியிலிருந்து வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) 1982-இல் தொடங்கிய எல்.சி.இ.சி.யு. என்ற பிரிவு. குறைந்த செலவில் பயன்தரும் சிகிச்சை என்பதே அதன் பெயரும் கொள்கையும். பெரிய மருத்துவமனை அதே ஊரில் இருந்தும், வேலூர் நகரத்துக் குடிசைப் பகுதி மக்கள் அதன் கூட்டத்துக்குள்ளும் செலவுக்குள்ளும் நுழையத் தயங்கினார்கள் என்பதை ஒப்புக்கொண்டு தொடங்கப்பட்டது அது. அங்கே முதலில் பார்ப்பவர் துறைக்கொரு நிபுணர் அல்லர். குழந்தைக்குக் காய்ச்சலானாலும் பாட்டிக்கு மூட்டுவலியானாலும் பார்க்கும் குடும்ப மருத்துவர். தேவையற்ற பரிசோதனை எழுதுவதில்லை. அடிப்படை மருந்துகளைக் கொண்டே சமாளிக்கிறார்கள். நோய் முற்றினால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இதை மலிவு வைத்தியம் என்று சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். எந்தப் பரிசோதனை வேண்டாம் என்று முடிவெடுக்க, எல்லாவற்றையும் எழுதித் தருவதைவிட அதிக அனுபவம் வேண்டும் என்பது வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மற்றொரு பாதி வேலை குடியிருப்புகளில் நடக்கிறது. குறித்த நாளில் செவிலியர்கள் அங்கேயே சென்று நோயாளிகளைப் பார்க்கிறார்கள். உங்கள் உரைக்கு ஒரு காட்சி வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள். சமுதாயச் செவிலியர் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் பையைத் தரையில் வைத்துவிடமாட்டார். முதலில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பையை வைத்து, சோப்பையும் துண்டையும் மட்டும் எடுத்து, அந்த வீட்டுத் தண்ணீரிலேயே கையைக் கழுவிய பிறகுதான் உள்ளிருக்கும் கருவிகளைத் தொடுவார். ஒரு வீட்டுக் கிருமியை மறு வீட்டுக்குக் கொண்டுபோகாதிருக்க எங்களுக்குக் கற்றுத்தந்த முறை இது. பார்த்துக்கொண்டே நிற்கும் மருமகள், சர்க்கரை நோயாளியான மாமியாரின் கால் புண்ணுக்கு மறுநாள் கட்டு மாற்றும்போது தானாகவே கையைக் கழுவுவாள். சுகாதாரக் கல்வி என்று தனியாக ஒரு வகுப்பு எடுத்தாலும் இவ்வளவு பதியாது.

மறுமொழி: கணக்கர்

பணத்தைப் பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை; அதுதான் எனக்குத் தெரிந்த பகுதி.

1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானதை அடுத்து, தென்னிந்தியாவில் சீர்திருத்தத் (புராட்டஸ்டண்ட்) திருச்சபைகளின் மிஷன் மருத்துவமனைகள் பல மெல்ல மெல்ல உள்நாட்டுப் பேராயங்களின், அதாவது பேராயர்களின் நிர்வாக வட்டாரங்களின், பொறுப்புக்கு வந்தன. சங்கங்கள் அனுப்பிய மருத்துவர்களும் குறைந்தார்கள், ஆண்டு மானியமும் சுருங்கியது. பிற்காலத்தில், 1976-இல் வந்த வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் எஞ்சியிருந்த வரவுக்கும் கணக்கும் கட்டுப்பாடும் கேட்டது. அதன்பின் இவை பிழைத்த வழி ஒன்றே: கட்டணம் கொடுக்கக்கூடியவரிடம் வாங்கி, கொடுக்க முடியாதவரின் பில்லை ஈடுகட்டுவது. தனி அறை நோயாளியின் கட்டணத்தில் ஒரு பகுதி பொது வார்டுக்குப் போகிறது. பெரிய மருத்துவமனை கைகொடுப்பதால்தான் அம்மையார் குறிப்பிட்ட நகர்ப்புறப் பிரிவு குறைந்த கட்டணத்தில் நடக்க முடிகிறது.

மற்ற தனியார் மருத்துவமனையிலிருந்து வேறுபாடு எங்கே என்று கேட்டீர்கள். சிலுவையைப் பார்க்காதீர்கள், மருத்துவருக்கு எப்படிச் சம்பளம் தருகிறார்கள் என்று பாருங்கள். சி.எம்.சி. போன்ற இடங்களில் மருத்துவருக்கு நிலையான மாதச் சம்பளம்தான். எழுதும் ஸ்கேனுக்கோ செய்யும் அறுவைக்கோ பங்கு கிடையாது. திருச்சபைகளின் பரிந்துரையில் அங்கே படிக்கும் மாணவர்கள், படித்து முடித்ததும் தேவை உள்ள மிஷன் மருத்துவமனைகளில் இரண்டு ஆண்டுகள் பணிபுரிய ஒப்புக்கொள்கிறார்கள். சிறிய மருத்துவமனைகள் பல இந்த இளம் மருத்துவர்களை நம்பியே இரவுப் பணியை நடத்துகின்றன. சென்னையில் அப்போலோ திறக்கப்பட்டது 1983-இல், எல்.சி.இ.சி.யு.வுக்கு அடுத்த ஆண்டில். அதன்பிறகு கட்டணம் கொடுக்கக்கூடிய நோயாளிகள் கார்ப்பரேட் மருத்துவமனைகளுக்கு நகர நகர, ஈடுகட்டும் கணக்கு பல நகரத்து மிஷன் மருத்துவமனைகளில் உதைக்கத் தொடங்கியது. அவற்றில் சில பல்துறை மருத்துவமனைகளாக மாறிப் பிழைத்தன; சில, வளாகத்தில் பாதியை வாடகைக்கு விட்டுப் பெயரளவில் நிற்கின்றன. நிர்வாகச் சண்டைகளால் நலிந்தவையும் உண்டு. அதையும் உரையில் சொல்வது நியாயம்.

கேட்டவர்: வாசகர் வட்டம்

மூவருக்கும் மிக்க நன்றி. ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு, ஏழைகளுக்கென்று இப்படித் தனிப் பிரிவு தேவையா என்று அவையில் ஒருவராவது எழுந்து கேட்பார். என்ன பதில் சொல்வது?

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர்

அந்தத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பெரிய அறுவைகளில் அது பல குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதந்தோறும் விழுங்கும் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் இரத்தப் பரிசோதனை, பக்கவாதம் வந்து படுத்தவருக்கு வீட்டில் செய்யும் பயிற்சி ஆகியவற்றுக்குக் காப்பீட்டு அட்டை பயன்படாது. நகரத்து ஏழைக் குடும்பத்தின் பணம் கரைவது இந்தச் சில்லறைச் செலவுகளில்தான். மாத்திரை நின்றால் பக்கவாதம் வரக்கூடும். வந்தபிறகு அட்டை வேலை செய்யும்.

அரசும் இதை உணர்ந்துதான் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கி, வீடு தேடி மாத்திரை கொடுக்கிறது. ஆகவே மிஷன் மருத்துவமனைகளின் குடியிருப்புப் பணியில் ஒரு பகுதியை அரசே செய்யும் தெருக்களும் இப்போது உண்டு. அங்கே அதே வீட்டுக்கு இரண்டாவது பையைத் தூக்கிக்கொண்டு போவதைவிட, மனநோய், முதியோர் பராமரிப்பு, இறுதிக்கால வலி நிவாரணம் ஆகியவற்றுக்குச் செவிலியரை அனுப்புவது பயன்தரும். உங்கள் ஊரிலுள்ள மருத்துவமனையில் விசாரிக்கப் போகும்போது, குடியிருப்புப் பணிக்கான பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். சென்ற வாரத் தேதியில் பதிவு இருக்கிறதா என்று பார்த்தாலே உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.