அடிக்கவசமா, அடிமூடியா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். காரின் அடிப்புறத்தைச் சமமாக மூடும் 'அண்டர்பாடி கவர்' என்பதற்குத் தமிழில் ஒரு சொல் தேடுகிறோம். அதற்கு நம் குழுவில் ஒருவர் எழுதியது:

> காரின் அடியில் பொருத்தும் தட்டைத் தகட்டை அடிக்கவசம் என்றே சொல்லிவிடலாமே. புதுச்சொல் எதற்கு?

எனக்கு இதில் உடன்பாடில்லை. கவசம் என்பது அடி தாங்குவது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் பாத்திரமான ஆயில் சேம்பரைக் கல்லும் வேகத்தடையும் பதம் பார்க்காமல் காக்கும் இரும்புத் தகடு ஒன்று உண்டு, மெக்கானிக்குகள் அதை எஞ்சின் கார்டு என்பார்கள். கவசம் என்ற பெயர் அதற்குப் பொருந்தும். நாம் பெயர் தேடும் பொருளுக்கு வேலை வேறு. காற்றைத் தடுக்காமல் வழுக்கிப் போகவிடுவதுதான் அதன் வேலை.

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு பட்டறையில் குழிக்குள் இறங்கி என் காரை அண்ணாந்து பார்த்தேன். மேலே கண்ணாடி மாதிரி மெழுகு போட்ட வண்டி. கீழே பார்த்தால் பழைய ஓட்டு வீட்டின் உட்புறம்தான்: சைலன்சர், பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய்கள், ஒரே மேடு பள்ளம். ஓடும்போது காற்று இவை ஒவ்வொன்றிலும் முட்டிச் சுழல்கிறது. அந்தச் சுழலுக்குச் செலவாகும் ஆற்றலும் நாம் போட்ட பெட்ரோலிலிருந்துதான் போகிறது.

வீட்டு நினைப்பு வந்ததால் எனக்கு முதலில் தோன்றிய சொல் 'அடிவிதானம்'. உத்தரம் தெரியாமல் மறைப்பது விதானம் அல்லவா? பெருமையோடு மெக்கானிக்கிடம் சொன்னேன். "ஏனுங்க, கோயிலுக்குங்களா?" என்றார். அப்புறம் ஸ்பேனரால் சேம்பரைத் தட்டிக் காட்டி, "ஆயில் மாத்த அந்தத் தகட்டைக் கழட்டணுமில்லீங்க? அடிமூடின்னு சொல்லிட்டுப் போங்க" என்றார். கழற்றி மாட்டுவதுதானே மூடி. என் சொல்லில் இல்லாத பொருத்தம் அவர் சொல்லில் இருந்தது.

> மூடி என்றால் முழுக்க மூடவேண்டும் என்று படிப்பவர் நினைப்பாரே. சைலன்சர் சூட்டுக்கு என்ன செய்வது?

நியாயமான கேள்வி. அந்த இடத்தை மூடவே கூடாது. கடைப் பலகைக்குப் போடும் ஏசிபி ஷீட்டை வெட்டி மாட்ட ஆசைப்படுகிறவர்கள் உண்டு. சாதாரண ஏசிபி ஷீட்டில் இரண்டு அலுமினியத் தாளுக்கு நடுவே இருப்பது பாலிஎதிலீன், சூடு பட்டால் உருகும், தீயும் பிடிக்கும். ஆகவே அந்த இடத்தை விட்டுவிட்டு மூடுவதைப் 'பகுதி அடிமூடி' என்றும், சைலன்சரே இல்லாத வண்டியில் முழுக்க மூடுவதை 'முழு அடிமூடி' என்றும் பிரித்துச் சொல்லலாம். மின்சாரக் கார்களில் பலவற்றுக்குத் தனியாக இவ்வளவு பாடு தேவையில்லை. அடியில் தட்டையாகக் கிடக்கும் பேட்டரிப் பெட்டியே பாதி அடிமூடி.

சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: 'ஏற்காடு ஏறுகிறவருக்கு அடிமூடியால் பயனில்லை, கோவைக்கு நால்வழிச்சாலையில் போகிறவருக்கு உண்டு.' நாக்கில் இடறவில்லை, சரிதானே? விஷயமும் சரி. காற்றிழுவை, அதாவது ஓடும் வண்டியைக் காற்று பின்னுக்கு இழுக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும், 50 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைப்போல 100-இல் நான்கு மடங்கு. 20 கொண்டை ஊசி வளைவுகளில் உருட்டிக்கொண்டு போகும் வண்டிக்குப் பெட்ரோலைக் குடிப்பது ஏற்றம்தான், காற்று அல்ல. நெடுஞ்சாலையிலும் காற்றிழுவை பத்து விழுக்காடு குறைந்தால் பெட்ரோலும் பத்து விழுக்காடு மிஞ்சிவிடாது. டயரின் உருள்தடையும் எஞ்சின் உராய்வும் அப்படியேதான் இருக்கும்.

(வெறும் 'இழுவை' என்று எழுதாமல் 'காற்றிழுவை' என்கிறேன். இங்கே இழுவை என்றால் பழுதான லாரியைக் கட்டி இழுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும்.)

மிச்சம் இருப்பது டிஃப்யூசர். அடிமூடியின் பின்முனை மெல்ல மேலேறி, வேகமாக வரும் காற்றை விரியவிட்டு நிதானப்படுத்தும் பகுதி. 'விரிவாய்' என்று வைத்துப் பார்த்தேன். 'காரின் விரிவாய் பற்றி விரிவாய் எழுதுக' என்று வந்து நின்றது. கைவிட்டுவிட்டேன். யாராவது ஒரு சொல் தாருங்கள்.