மறு: ‘பாஸ்பேட் டோசிங்’குக்குத் தமிழ்: மேலுரம் இருக்கே?

> ‘எரிய மருந்தளவிடல்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாங்க. மீன்தொட்டியில் வளர்க்கிற செடிகளுக்குப் பாஸ்பேட் கரைசலை அளந்து ஊற்றுவதைத்தான் ‘பாஸ்பேட் டோசிங்’ என்கிறோம். எரியம் என்றால் பாஸ்பரஸ், சரி, ஆனால் ‘மருந்து’ எதற்கு? புதிதாகத் தொட்டி வைத்தவர் இதைப் படித்தால் மீனுக்கு ஏதோ சீக்கு, மருந்து ஊற்றச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார். நாம் ஊற்றுவது செடிக்கான சத்து. அதற்கு உரக்கடையிலேயே சொல் கிடக்கிறது: தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்). நடுவதற்கு முன் போட்டால் அடியுரம், நட்டபின் அவ்வப்போது போட்டால் மேலுரம். தொட்டியிலும் அதே கதைதான், அடியில் பரப்புகிற சத்துமண் அடியுரம், வாராவாரம் ஊற்றுகிற கரைசல் மேலுரம். ஆக, ‘மணிச்சத்து மேலுரம்’. தொட்டிக்குள் ஏது கதிர், ஏது மணி என்று கேட்காதீர்கள், வாழைக்கும் மல்லிகைக்கும்கூட மணிச்சத்து என்றுதான் சொல்கிறோம்.

> பாஸ்பேட் ஏறினால் பாசி வரும் என்பார்களே, ஏற்றுவதற்கு எதற்குத் தனிச்சொல்?

மீனும் தீனியும் அதிகமுள்ள தொட்டியில் அது தானாகவே சேரும், அங்கே யாரும் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் செடி அடர்த்தியாக, விளக்கு பளீரென்று, கரியமிலவாயுவும் விட்டு, மீன் மட்டும் நாலைந்து என்று இருக்கிற தொட்டியில் பாஸ்பேட் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அப்போதுதான் அனுபியாஸ் என்கிற தொட்டிச் செடியின் இலைமேல் பச்சைப் புள்ளிகளாகப் பாசி வரும், நகத்தால் சுரண்டினாலும் போகாது, கண்ணாடியிலும் அப்படியே கெட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

சொல்லோடு செய்முறையும் பதிவில் இருக்கட்டும், ஏனென்றால் ஆபத்து அளவில்தான். உரக்கடையில் 0-52-34 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) என்று கேட்டால் தருவது பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். 100 லிட்டர் தண்ணீரில் 1 கிராமை அப்படியே கொட்டினால் பாஸ்பேட் 7 பிபிஎம் (லிட்டருக்கு 7 மில்லிகிராம்) ஏறிவிடும், அது ரொம்ப அதிகம். அதே 1 கிராமை 500 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு 10 மில்லி ஊற்றினால் 0.14 பிபிஎம்தான் ஏறும், அப்படிச் சில நாட்களில் மெல்ல 0.5 முதல் 1 பிபிஎம் வரை கொண்டுபோய், நடுநடுவே சோதித்துப் பார்க்கலாம். இரும்பு கலந்த நுண்ணூட்டத்தை அதே பாட்டிலில் கலக்காதீர்கள், இரும்பு பாஸ்பேட்டாகப் படிந்து இரண்டுமே வீண். அப்புறம், பாஸ்பாரிக் அமிலம் பக்கமே போக வேண்டாம், பிஹெச் சடாரென்று விழும்.

> அப்படியானால் பாஸ்பேட் என்கிற சொல்லையே எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் மணிச்சத்து என்று போட்டுவிடலாமே?

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். மூட்டையில் அச்சடித்திருக்கிற 52 சதவீத மணிச்சத்து, பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கு. அதையே பாஸ்பேட்டாக எண்ணினால் 70 சதவீதம் பக்கம் வரும். தொட்டி சோதனைப் பெட்டிகளில் பல பாஸ்பேட்டைக் காட்டும், சில வெறும் பாஸ்பரஸை மட்டும் காட்டும், இந்த இரண்டுக்கும் நடுவே மூன்று மடங்கு வித்தியாசம். ‘மணிச்சத்து 1 பிபிஎம்’ என்று எழுதினால் இதில் எந்தக் கணக்கு என்று யாருக்குத் தெரியும்? அதனால் எண் வருகிற இடத்திலெல்லாம் பாஸ்பேட் என்றே எழுதுவோம். சத்தைப் பற்றியும் அதன் பற்றாக்குறையைப் பற்றியும் பேசுகிற இடத்தில் மணிச்சத்து.

கடல்நீர்த் தொட்டிக்காரர்கள் சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், பவளத்துக்கு மேலுரம் என்பது பொருந்தாது. அங்கேயும் பாஸ்பேட் சுத்தமாக இல்லாமல் போனால் டைனோஃபிளாஜெல்லேட் என்கிற நுண்ணுயிர் பழுப்பாக, கோழைபோலப் படர்ந்து தொல்லை கொடுக்கும் என்பதால் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை வைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ‘பாஸ்பேட் ஏற்றம்’ என்ற பொதுச்சொல் போதும்.

இலங்கையில் உரத்தைப் பசளை என்பார்கள், பதிவில் அதையும் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், தனிமடல் வேண்டாம்.